இயந்திரம் மறுக்கும்போது: கணினிமயமாக்கமும் குடிமக்களின் உரிமையும்

கணினியும் இணையமும் சமூகத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்னும் கேள்விக்குக் கடந்த அரை நூற்றாண்டில் தரப்பட்ட விடைகள் பெரும்பாலும் இரண்டு முனைகளில் குவிந்துள்ளன. கருவியே வரலாற்றை நடத்துகிறது, சமூகம் அதன் பின்னே செல்கிறது என்பது ஒரு முனை; இதைத் தொழில்நுட்ப நிர்ணயவாதம் என்பர். கருவி வெறும் பொருள், அதைக் கையாளும் மனிதரின் நோக்கமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது மறுமுனை. அமெரிக்க அரசியல் சிந்தனையாளர் லாங்டன் வின்னர் 1980இல் எழுதிய கட்டுரையொன்றில் இவ்விரண்டிலிருந்தும் விலகி நின்று, ஒரு கருவி வடிவமைக்கப்படும்போதே அதிகாரம் யாரிடம் சேர வேண்டும் என்ற முடிவும் அதற்குள் பொதிந்துவிடுகிறது என்று வாதிட்டார். இந்தியாவில் கணினி மக்களின் வாழ்வுக்குள் நுழைந்த வழிகளை இந்த மூன்றாவது நோக்கில் ஆராய்ந்தால், ஒரே வகைக் கருவி ஓரிடத்தில் ஏழையின் கூலியை விரைவாகக் கொண்டுவந்து சேர்த்திருப்பதையும், வேறோரிடத்தில் அவருடைய அரிசியை நிறுத்தியிருப்பதையும் காணலாம். இந்த வேறுபாட்டைக் கருவியின் திறன் விளக்குவதில்லை. கருவி தவறும்போது அத்தவற்றைக் கேட்டுத் திருத்தும் பொறுப்பு யாருக்கு இருந்தது என்பதே விளக்குகிறது.

தொடக்கத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. 1955இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நாட்டின் முதல் கணினி நிறுவப்பட்டபோது அது ஆய்வாளர்களின் கருவியாகவே இருந்தது. 1960களில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் அதே நகரத்தில் கணினியைக் கொண்டுவர முயன்றபோதுதான் அது பொது விவாதத்துக்கு உள்ளாயிற்று. வேலை பறிபோகும் என்று அஞ்சிய ஊழியர் சங்கங்கள் நீண்ட போராட்டம் நடத்தின. வங்கிகளிலும் அதே எதிர்ப்பு இருந்தது. 1983இல் வங்கி நிர்வாகங்களுக்கும் சங்கங்களுக்கும் ஏற்பட்ட உடன்பாடும், அடுத்த ஆண்டு சி. ரங்கராஜன் தலைமையிலான குழு அளித்த அறிக்கையுமே வங்கிக் கிளைகளில் கணினி நுழைய வழி வகுத்தன. அன்றைய அச்சத்தைப் பிற்காலத்தவர் அறியாமை என்று எளிதாகத் தள்ளிவிடுகின்றனர், அது நியாயமன்று. வேலைகள் மொத்தமாக அழியவில்லை என்பது உண்மை. ஆயினும் பொருளாதார அறிஞர் டேவிட் ஆட்டர் மற்றிருவருடன் சேர்ந்து 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியபடி, விதிகளாக எழுதிவிடக்கூடிய வாடிக்கைப் பணிகளைக் கணினி எடுத்துக்கொள்கிறது, சிக்கல் தீர்க்கும் திறன் வேண்டும் பணிகளின் மதிப்பை உயர்த்துகிறது. தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்த பல்லாயிரம் இளைஞர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அரசு அலுவலக வாசலாக இருந்த தட்டச்சர் பணி சுருங்கியதும், அதே காலத்தில் பொறியியல் பட்டதாரிகளுக்கு மென்பொருள் துறை திறந்ததும் ஒரே மாற்றத்தின் இரு பக்கங்கள். இழந்தவர்களும் பெற்றவர்களும் ஒரே மக்கள் அல்லர் என்பதைச் சங்கங்கள் சரியாகவே கணித்திருந்தன.

கணினியின் பயன் உற்பத்தித் திறன் கணக்கில் தென்படவில்லையே என்று பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ 1987இல் எழுப்பிய ஐயத்துக்கு, பொருளாதார வரலாற்றாளர் பால் டேவிட் 1990இல் அளித்த விளக்கம் இங்கே பொருந்தும். தொழிற்சாலைகளில் நீராவி இயந்திரத்தின் இடத்தில் மின்மோட்டாரை வைத்ததால் மட்டும் பலன் கிட்டவில்லை. மின்சாரத்துக்கு ஏற்பக் கட்டடமும் வேலை முறையும் மாற்றியமைக்கப்பட்ட பின்னரே, பல பத்தாண்டுகள் கழித்து, அது வந்து சேர்ந்தது. கணினிக்கும் அதுவே நேர்ந்தது. ஆனால் டேவிட் தொழிற்சாலையைப் பற்றிப் பேசினார். அரசு அலுவலகத்தில் வேலை முறை மாறும்போது உற்பத்தியோடு குடிமகனுக்கும் அரசுக்கும் இடையிலான உறவும் மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தை அளக்க உற்பத்திக் கணக்கு உதவாது.

இவ்வுறவின் அடிப்படை பதிவேடு. ஓர் அரசு தன் மக்களையும் நிலத்தையும் எளிய பட்டியல்களாகச் சுருக்கி, தொலைவிலிருந்தே படித்தறியக்கூடியவையாக ஆக்கிக்கொள்கிறது என்று மானிடவியல் நோக்குடைய அரசியல் அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட் 1998இல் வெளியான தம் நூலில் விளக்கினார். கணினிக்கு முன்பு இந்தப் பட்டியல் கிராமத்திலேயே, ஒரு மனிதரின் கையில் இருந்தது. கர்நாடகத்தில் அவர் கிராமக் கணக்கர். நிலத்தின் உரிமை, குத்தகை, பயிர் ஆகியவை அடங்கிய ஆவணத்தின் நகல் வேண்டுமெனில் விவசாயி அவரைத் தேடிச் செல்ல வேண்டும், பல நேரங்களில் கையூட்டும் தர வேண்டும். 2001 அளவில் நிறைவுற்ற பூமி என்னும் திட்டத்தின்கீழ் 67 லட்சம் விவசாயிகளின் ஏறத்தாழ 2 கோடி நில ஆவணங்கள் கணினியில் ஏற்றப்பட்டு, வட்ட அலுவலகங்களில் 15 ரூபாய்க் கட்டணத்தில் நகல் கிடைக்கத் தொடங்கியது. கணக்கரின் தனியுரிமை முடிந்தது, பெயர் மாற்றக் கோரிக்கைகள் வந்த வரிசையிலேயே எடுக்கப்பட்டன. நாடெங்கும் இது முன்மாதிரியாகப் போற்றப்பட்டது; தமிழ்நாட்டில் இன்று வீட்டிலிருந்தே பட்டா, சிட்டா நகலைப் பார்க்க முடிவதும் இதே வழியில் வந்த பயனே.

ஆனால் 2007இல் சாலமன் பெஞ்சமினும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் பெங்களூரு வட்டாரத்தில் நடத்திய ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டியது. கிராமத்தில் சிதறிக் கிடந்த தகவல் வட்ட, மாவட்ட அளவில் ஒருமுகப்பட்டதால், பெரிய நிலங்களைத் தேடிய நிறுவனங்களுக்கும் அவற்றுக்காகச் செயல்பட்டவர்களுக்கும் எந்த நிலம் எவரிடம் உள்ளது என்பதை அறிந்து கைப்பற்றுவது எளிதாயிற்று என்றும், கையூட்டு மறைவதற்கு மாறாக மேல்நிலைக்கு நகர்ந்தது என்றும் அவர்கள் கண்டனர். ஊர் அறிந்த, ஆனால் தாளில் ஏறாத குத்தகை உரிமைகளுக்கும் பங்காளிகளின் அனுபவ பாத்தியதைக்கும் கணினிப் படிவத்தில் இடம் இருக்கவில்லை. கிராமக் கணக்கர் நேர்மையற்றவராக இருந்திருக்கலாம். எனினும் அவரை ஊர்க்கூட்டத்தில் நிறுத்திக் கேட்க முடிந்தது. படிவத்தை அவ்வாறு கேட்க முடியாது. இரு மதிப்பீடுகளும் தத்தம் அளவில் சரியானவை. தனி ஒரு விவசாயியின் அலைச்சல் குறைந்ததும், நிலச்சந்தையில் வலியவரின் பார்வை கூர்மையடைந்ததும் ஒருசேர நிகழ்ந்தன.

தகவல் கிடைப்பதே விடுதலை என்ற நம்பிக்கைக்கு மிகப் பெரிய ஆதாரமாகக் காட்டப்படுவது வடகேரள மீனவர்களைப் பற்றி ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வு. 1997க்கும் 2001க்கும் இடையில் அக்கரையோரத்தில் கைப்பேசி வந்தபோது, மத்தி பிடித்த மீனவர்கள் கடலிலிருந்தே பல கரைகளின் விலையைக் கேட்டறிந்து, வாங்குவோர் இருக்கும் இடத்துக்குப் படகைத் திருப்பினர். முன்பு பிடிபட்ட மீனில் 5 முதல் 8 விழுக்காடு விலைபோகாமல் வீணானது, அந்த வீண் ஏறக்குறைய நின்றுபோயிற்று. மீனவரின் லாபம் 8 விழுக்காடு உயர்ந்தது, நுகர்வோர் தந்த விலை 4 விழுக்காடு குறைந்தது. பின்னர் ஜானகி சீனிவாசனும் ஜென்னா பரலும் கேரளக் கரைக்குச் சென்று ஆராய்ந்தபோது, எந்தக் கரையில் விற்பது என்பதைப் பல மீனவர்கள் விலையைக் கொண்டு மட்டும் தீர்மானிப்பதில்லை எனக் கண்டனர். படகின் வகை, முன்பணம் தந்த ஏலக்காரருடனான கடன் பிணைப்பு, ஊர் உறவு ஆகியவை அவர்களைக் கட்டுப்படுத்தின. விலை தெரிந்திருப்பது ஒன்று, தெரிந்த விலைக்கு விற்கும் உரிமை பெற்றிருப்பது வேறொன்று. கடனில் கட்டுண்டவருக்குக் கைப்பேசி இரண்டாவதைத் தருவதில்லை.

கருவி தவறும்போது பொறுப்பு யாருக்கு என்ற கேள்வியை மிகத் துல்லியமாக ஆராய உதவும் இணை ஆய்வுகள் இரண்டு உள்ளன. கார்த்திக் முரளிதரன், பால் நீஹாவுஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகியோர் இரு மாநிலங்களில், ஏறத்தாழ ஒரே வகைத் தொழில்நுட்பத்தை, குலுக்கல் முறையில் பகுதிகளைத் தேர்ந்து ஒப்பிடும் ஒரே வகை ஆய்வு நெறியால் பரிசோதித்தனர். முதலாவது, பிரிக்கப்படாத ஆந்திரத்தில் ஊரக வேலை உறுதித் திட்டக் கூலியையும் ஓய்வூதியத்தையும் கைரேகை பதிந்த திறன் அட்டை வழியே வழங்கிய திட்டம். அங்கே கூலி விரைவாக வந்தது, அதைப் பெறச் செலவான நேரம் குறைந்தது, இடையில் கசிந்த பணமும் கணிசமாகக் குறைந்தது. பயனாளிகளில் மிகப் பெரும்பான்மையினர் பழைய முறையைவிட இதையே விரும்பினர். இரண்டாவது, ஜார்க்கண்டில் 2016 முதல் ரேஷன் கடைகளில் ஆதார் கைரேகைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கிய திட்டம். அங்கே சரிபார்ப்பு மட்டும் கசிவைக் குறைக்கவில்லை. பயனாளிகளுக்குப் பொருள் வாங்கும் செலவும் அலைச்சலும் கூடின. அட்டையுடன் ஆதார் எண்ணை முன்பே இணைத்திராத குடும்பங்கள் பெற்ற பொருளின் மதிப்பு சராசரியாக 10 விழுக்காடு குறைந்தது. பிறகு இயந்திரப் பதிவை வைத்துக் கடைகளுக்கான ஒதுக்கீட்டைக் கழிக்கத் தொடங்கியபோது கசிவு குறைந்தது, ஆனால் அந்தச் சுமையில் ஒரு பகுதி மக்களின் தலையிலேயே இறங்கிற்று.

ஏன் இந்த வேறுபாடு? ஆந்திரத்தில் பயனாளியின் அனுபவத்தை மேம்படுத்துவது நோக்கமாக இருந்தது. பணம் தரும் இடம் ஊருக்குள்ளேயே வந்தது, கைரேகை பொருந்தாதவருக்கும் அட்டை பெறாதவருக்கும் பழைய வழியில் பணம் தர அரசு இடமளித்தது. ஜார்க்கண்டில் செலவைக் குறைப்பது முதல் நோக்கமாயிற்று. இயந்திரம் மறுத்தால் மாற்று வழி தாளில் இருந்தாலும் கடையில் எளிதில் கிடைக்கவில்லை. அங்கே ஒரு குடும்பம் அரிசி பெற வேண்டுமானால் பட்டியலில் பெயர் ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும், விற்பனை முனையக் கருவி இயங்க வேண்டும், கைப்பேசி அலைவரிசை கிடைக்க வேண்டும், தொலைவிலுள்ள வழங்கி என்னும் மையக் கணினி மறுமொழி தர வேண்டும், இறுதியில் மண்வெட்டியும் கல்லும் பிடித்துத் தேய்ந்த விரல் பொருந்த வேண்டும். இந்த ஐந்தில் ஒன்று தவறினாலும் விடை ஒன்றுதான். பொருளாதார அறிஞர்களான ஜான் டிரேஸும் ரீத்திகா கேராவும் இதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து எழுதிவந்தனர். 2017இல் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தபோது, ஆதாருடன் இணைக்கப்படாததால் அவள் குடும்பத்தின் அட்டை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தது வெளிவந்தது. இறப்புக்குக் காரணம் பட்டினி அன்று, மலேரியா என்று நிர்வாகம் கூறியது. அட்டை நீக்கப்பட்டதை எவரும் மறுக்கவில்லை. அதன் பிறகே, ஆதார் இல்லை என்பதற்காக எவருக்கும் உணவு மறுக்கப்படவோ பெயர் நீக்கப்படவோ கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரில் மாநிலங்களுக்கு எழுதிற்று.

ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களுக்கும் பொது விநியோகத்தை விரித்து வைத்திருந்த தமிழ்நாட்டில், 2017இல் திறன் அட்டையும் 2020இல் கைரேகைக் கருவியும் வந்தபோது, இத்தகைய பெருங்கேடு நேரவில்லை. தகுதியுள்ளோர், அல்லாதோர் என்று வடிகட்டும் வேலை இங்கே இயந்திரத்திடம் தரப்படாததே இதற்கு முதற்காரணம். கடைக்கு வர இயலாத முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் தம் சார்பில் ஒருவரை எழுத்து மூலம் அனுப்பும் வழியும் இருந்தது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டத்தின்கீழ் அவர்களின் வீட்டுக்கே பொருள் கொண்டுசெல்லும் ஏற்பாடு தொடங்கிற்று. கைரேகை பதியாமல் திரும்பியோர் இங்கும் உண்டு. ஆனால் அரிசி யாருக்கு என்ற கேள்விக்கு அரசியல் முன்பே விடை கூறிவிட்டதால், இயந்திரத்தின் பிழை சிரமமாக நின்றது, உரிமை இழப்பாக மாறவில்லை.

இயந்திரத்தின் பிழை உரிமை இழப்பாக மாறுவதை வறிய நாடுகளுக்கே உரிய குறைபாடாகக் கருதுவது தவறு. பிரிட்டனின் அஞ்சல் துறை 1999 முதல் ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருளைக் கிளை அஞ்சலகங்களில் நிறுவியது. அது காட்டிய பணக் குறைவுகளை உண்மையென்றே கொண்டு, 2015 வரை 900க்கும் மேற்பட்ட கிளைப் பொறுப்பாளர்கள் திருட்டு, பொய்க்கணக்குக் குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றனர். பலர் சிறை சென்றனர், வீட்டை விற்றனர், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். மென்பொருளில் பிழை இருந்ததை 2019இல் உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்க 2024இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. கணினி சரியாக இயங்குகிறது என்பதைச் சான்றோடு நிறுவ வேண்டும் என்றிருந்த பழைய சட்டப்பிரிவை 1999இல் நீக்கியதால், மறுத்துக் கூறும் சுமை தனிமனிதர்மீது விழுந்திருந்தது. ஆஸ்திரேலியாவில் 2016 முதல் நலத்துறை ஆண்டு வருமானத்தைச் சம பங்குகளாகப் பிரித்து, உதவித்தொகை கூடுதலாகத் தரப்பட்டது என்று தானியங்கி முறையில் கணக்கிட்டு, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் இல்லாத கடனை வசூலிக்க முற்பட்டது. அது சட்டத்துக்குப் புறம்பானது என 2019இல் முடிவாயிற்று. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற ஆயிரக்கணக்கான பெற்றோர், அவர்களுள் குடியேறிய பின்னணி உடையோர் மிகுதியாக, மோசடிக்காரர்களாகக் குறிக்கப்பட்ட விவகாரத்தில் 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகிற்று. மூன்று நாடுகளும் செல்வ வளமும் வலுவான நீதித் துறையும் கொண்டவை. மூன்றிலும் பாதிக்கப்பட்டோர் தொடக்கத்திலிருந்தே உண்மையைச் சொல்லிவந்தனர். திரையில் தெரிந்த எண்ணுக்கு எதிராக அவர்களின் சொல்லை ஏற்கும் அதிகாரம் எவருக்கும் தரப்பட்டிருக்கவில்லை.

கணினி மேலிருந்து கீழ்நோக்கி மட்டுமே பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ராஜஸ்தானில் தொழிலாளர், விவசாயிகள் உரிமைக்காகப் போராடிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1990களில் அரசுப் பணிகளின் கூலிப் பட்டியலை ஊர் நடுவே உரக்கப் படித்து, அதில் இறந்தவர்களின் பெயரும் வேலை செய்யாதோரின் பெயரும் இருப்பதை மக்கள் வாயிலாகவே வெளிப்படுத்தியது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்த இயக்கத்தின் விளைவுகளில் ஒன்று. 2019இல் ராஜஸ்தான் அரசு தொடங்கிய ஜன் சூச்னா தளம், எந்தக் கடைக்கு எவ்வளவு கோதுமை வந்தது, எந்தக் குடும்பம் எவ்வளவு வாங்கியது என்பனவற்றை விண்ணப்பமின்றியே எவரும் பார்க்கும்படி வைத்தது அதன் நீட்சி. இங்கே அலுவலகமே மக்களின் கண்காணிப்புக்கு உள்ளாகிறது. ஊரக வேலைத் திட்டத்தின் பணித்தளங்களில் 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்ட வருகைப்பதிவுச் செயலி இதற்கு நேரெதிரான திசையைக் கொண்டது. நாளுக்கு இருமுறை தொழிலாளரைப் படம்பிடித்து ஏற்ற வேண்டும் என்ற விதியால், அலைவரிசை கிட்டாத நாளில் முழு வேலையும் செய்தவரின் கூலி கணக்கில் ஏறாமல் போனது. இரண்டும் ஊழலைத் தடுக்கவே வந்தன. ஒன்று மக்களை நம்பியது, மற்றது அவர்களை ஐயுற்றது.

இடைத்தரகர் ஒழிந்தார் என்ற கூற்றையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதித் தந்தவரின் இடத்தை இன்று இ-சேவை மையமும் ஜெராக்ஸ் கடையும் எடுத்துக்கொண்டுள்ளன. விண்ணப்பிப்போரில் பலர் தம் கடவுச்சொல்லைக் கடைக்காரரிடமே விட்டுச்செல்கின்றனர், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்டே தெரிந்துகொள்கின்றனர். தம் பெயரில் என்ன விண்ணப்பிக்கப்பட்டது, அது ஏன் தள்ளப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. எழுத்தறிவின்மைக்கு எதிராக நூறாண்டு உழைத்த ஒரு சமூகத்தில் இது புதிய வகைச் சார்பு. அதை இழிவாகப் பார்ப்பதைவிட, அந்தக் கடைக்காரரை முறையான உதவியாளராக ஏற்றுப் பயிற்சியும் பொறுப்பும் அளிப்பதே பயன் தரும்.

பள்ளிக் கல்வியில் கிடைத்த பாடம் இன்னும் வெளிப்படையானது. 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் குடும்பங்களில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவானவற்றிலேயே இணைய வசதி இருந்தது. ஊரகத்தில் அது 15 விழுக்காடு. அந்த நிலையில் 2020இல் கொரோனா பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்கு மாறின. தமிழ்நாட்டு ஊரகப் பகுதிகளில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளிடம் அபிஜித் சிங், மவ்ரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் நடத்திய ஆய்வு, பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் ஏற்பட்ட பெரிய கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதங்களில் மீண்டதென்றும், அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால்பங்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்ததென்றும் கணித்தது. மாலை வேளைகளில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் குழந்தைகளை அமர்த்திப் பாடம் சொன்ன உள்ளூர்த் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், செய்த பணி அது; கருவி எட்டாத இடத்தை மனிதரே நிரப்பினர்.

பொதுவெளியைப் பற்றிய ஆராய்ச்சி மிகப் பரந்தது. இங்கே இந்தக் கட்டுரையின் கேள்வியோடு தொடர்புடைய அளவே போதும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது உணவும் படகும் தேவைப்பட்ட இடங்களை முகம் அறியாதோர் இணையத்தில் ஒருங்கிணைத்ததும், 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் தலைவரின்றி இளைஞர் திரண்டதும், 2018இல் குழந்தை கடத்துவோர் பற்றிய வாட்ஸ்அப் வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டதும் ஒரே வகைக் கருவியின் வழியாகவே நடந்தன. இத்தகைய கொலைகளுக்குப் பின் வாட்ஸ்அப் நிறுவனம் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரு செய்தியைப் பகிர்ந்தனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரம்பு விதித்தது; அரசோ பல நேரங்களில் இணையத்தையே அணைத்தது. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் மூன்று மாவட்டங்களிலும், 2019 ஆகஸ்டு முதல் காஷ்மீரிலும் அது நிகழ்ந்தது. காலவரையற்ற தடை செல்லாது, தடை ஆணைகள் வெளியிடப்பட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆணை வெளியிடப்பட்டால்தான் அதை எதிர்த்து வழக்காட முடியும் என்பதே அத்தீர்ப்பின் உயிர்நாடி; காரணம் தெரியாத மறுப்பு நீதிக்கு அப்பாற்பட்டதாகிவிடும் என்ற இதே கருத்துதான் ரேஷன் கடைக்கும் பொருந்துகிறது.

செயலி வழித் தொழிலிலும் கேள்வி மாறவில்லை. உணவு கொண்டுசெல்பவருக்கும் வாடகை வண்டி ஓட்டுபவருக்கும் வேலையைப் பங்கிடுவதும், கூலியைக் கணிப்பதும், மதிப்பெண் குறைந்தால் கணக்கை முடக்குவதும் நெறிநிரல் என்னும் கட்டளைத் தொகுப்பே. நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, இவ்வகைத் தொழிலாளர் 2020-21இல் 77 லட்சம் பேர் என்றும், 2029-30இல் 2.35 கோடியாகலாம் என்றும் மதிப்பிட்டது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் முதன்முறையாக அவர்களுக்கு வரையறை தந்தது, 2023இல் ராஜஸ்தான் தனிச் சட்டம் இயற்றியது, தமிழ்நாடு அதே ஆண்டில் நலவாரியம் அமைத்தது. நலநிதி தேவையானதே. ஆனால் காலையில் கணக்கு முடங்கிப்போன ஒருவருக்கு முதலில் வேண்டியது, ஏன் முடங்கியது என்று சொல்லக் கடமைப்பட்ட ஒரு மனிதர்; பிரிட்டன் உச்சநீதிமன்றம் 2021இல் ஊபர் ஓட்டுநர்களைத் தொழிலாளர் என்று அறிவித்தபோதும் அவர்களுக்குக் கிடைத்தவை குறைந்தபட்சக் கூலி, ஊதிய விடுப்பு போன்ற உரிமைகளே.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்கும்போது ஒரு பெரிய இடைவெளி தெரிகிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்; 2018 செப்டம்பரில் ஆதார் சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்றும், நலத்திட்டங்களுக்கு அதைக் கோரலாம் என்றும் பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 22ஆம் பிரிவு, முற்றிலும் இயந்திரத்தால் எடுக்கப்பட்டுத் தம்மைக் கடுமையாகப் பாதிக்கும் முடிவுக்கு உட்படாதிருக்கும் உரிமையைத் தருகிறது. அத்தகைய முடிவு அனுமதிக்கப்படும் இடங்களிலும் மனிதத் தலையீட்டைக் கோரலாம். 2023ஆம் ஆண்டின் இந்திய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவைப் பார்க்கவும் திருத்தவும் அழிக்கவும் குறை கூறவும் உரிமை அளிக்கிறது. இயந்திரத்தின் முடிவை மனிதர் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கேட்கும் உரிமை அதில் இடம்பெறவில்லை.

ஆயினும் அதற்கான முன்மாதிரி வெளிநாட்டில்தான் உண்டு என்பதில்லை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் பிறப்பித்த சுற்றறிக்கையின்படி, ஏ.டி.எம்.மில் பணம் வராமலேயே கணக்கில் கழிக்கப்பட்டாலோ, யு.பி.ஐ. வழி அனுப்பிய பணம் போய்ச் சேராவிட்டாலோ, குறித்த நாட்களுக்குள் வங்கி அதைத் திருப்பித் தர வேண்டும். தவறினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, வாடிக்கையாளர் முறையிடாமலேயே, கணக்கில் சேர வேண்டும். 2016 ஏப்ரலில் தொடங்கிய யு.பி.ஐ. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டியதற்கும், கீரை விற்பவரும் அதை நம்பி ஏற்றதற்கும், பிழையின் சுமை வாடிக்கையாளர்மீது விழாது என்ற இந்த உறுதியும் ஒரு காரணம். மறுபுறம், ஊரக வேலை உறுதித் திட்டத்தில் கூலி தாமதமானால் 16ஆம் நாளிலிருந்து நிலுவையில் நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு என்று விதி வகுக்கப்பட்டது. 1,000 ரூபாய் கூலிக்கு அது 50 காசு. உணவு வழங்கப்படாவிட்டால் உணவுப் பாதுகாப்புப் படி தர வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் கூறுகிறது. ஆனால் கைரேகை பொருந்தாமல் திரும்பியவருக்கு அது வங்கி இழப்பீடுபோலத் தானாக வந்து சேர்வதில்லை.

வங்கிக் கணக்கில் பிழை நேர்ந்தால் ஒரு நாளுக்கு 100 ரூபாய் என்று மதிப்பிட முடிந்த நாட்டில், அரிசியும் கூலியும் மறுக்கப்பட்ட ஒரு நாளையும் அவ்வாறே மதிப்பிட முடியும். இயந்திரம் மறுத்த ஒவ்வொரு முறையும் காரணத்தைத் தமிழிலோ அந்தந்த மாநில மொழியிலோ அச்சிட்டுத் தரவும், அந்த மறுப்பை அங்கேயே நீக்கும் அதிகாரம் கொண்ட அலுவலரின் பெயரைக் குறிப்பிடவும், அவர் குறித்த நாளுக்குள் செயல்படாவிட்டால் இழப்பீடு தானாகச் சேரவும் 2023ஆம் ஆண்டுச் சட்டத்திலும் உணவு, வேலை உறுதிச் சட்டங்களின் விதிகளிலும் பிரிவுகள் சேர்க்கப்பட வேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. ரேஷன் கடைகளில் இப்போதுள்ள விற்பனை முனையக் கருவியே ரசீது அச்சிடும் வசதி கொண்டது.